எண்ணி வைத்த ஐனோடு

கேரளம் தன் அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது பெரிய காரியம். வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் உபுண்டுவை அடியாகக் கொண்டு கைட் நிறுவனம் உருவாக்கிய அமைப்பில்தான் கணினி படிக்கிறார்கள். அதோடு வழக்கமாக வருவது எக்ஸ்ட்4 கோப்பு முறை. கோப்புக்கு ஒன்றாக, அதன் விவரங்களைத் தாங்கும் பதிவுக்கு ஐனோடு என்று பெயர். எக்ஸ்ட்4 அதை ஒதுக்கும் விதத்தைக் குறை சொன்னால், "இத்தனை வருஷம் ஓடிய ஏற்பாடு, இருப்பதை அப்படியே விடுங்கள்" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் தவறு.

நல்லதை மறைக்க வேண்டாம். வட்டை 128 எம்பி அளவுள்ள பிளாக் குரூப்புகளாகப் பிரித்து, கோப்பின் ஐனோடை அதன் டைரக்டரி உள்ள குரூப்பிலேயே வைக்கப் பார்ப்பது அருமையான யோசனை. மெக்யூசிக்கும் கூட்டாளிகளும் 1984-இல் விளக்கிய பெர்க்லி கோப்பு முறையின் வழி வந்தது அது. மேல்மட்ட டைரக்டரிகளைப் பரப்பி, உள்ளே உள்ளவற்றைத் தாய் டைரக்டரியின் பக்கத்தில் நிறுத்தும் ஓர்லோவ் முறை, சுழலும் வட்டில் ஹெட்டின் அலைச்சலைக் குறைத்தது. எஸ்எஸ்டியில் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிட்டது, போகட்டும்.

என் சண்டை எண்ணிக்கையோடு. 16 கேபிக்கு ஓர் ஐனோடு என்று பார்மட் செய்யும்போதே ஓர் ஊகம் போடப்படுகிறது. அதன்படி குரூப்புக்கு 8,192 ஐனோடு. அவற்றைத் தாங்கும் அட்டவணைக்கு 2 எம்பி. பிறகு கூட்ட முடியாது, குறைக்க முடியாது. பகுதியைப் பெரிதாக்கினாலும் அதே விகிதம்தான் தொடரும். 1,024 ஜிபி பகுதியில் 6.7 கோடி ஐனோடுகளுக்காக 16 ஜிபி முடங்கும். அதில் சில நூறு சினிமாக்களை மட்டும் வைத்திருப்பவருக்கு அது வெறும் நஷ்டம். 20 ஜிபி பகுதியிலோ சுமார் 13 லட்சம்தான். பழைய கெர்னல்களின் ஹெடர் தொகுப்புகள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளோடு குவிந்தால் அதுவும் தீரும். இலையை எண்ணி அறுத்துவிட்டு, அண்டாவில் சோறு இருக்கும்போதே விருந்தாளியைத் திருப்பி அனுப்புகிற கதை.

பார்மட்டின்போதே விகிதத்தை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மூன்று வருஷம் கழித்து எத்தனை கோப்பு சேரும் என்று எந்தப் பள்ளி ஆசிரியருக்குத் தெரியும்? இடம் நிலையாக இருந்தால்தான் அருகருகே வைக்க முடியும், எண்ணிலிருந்தே இடத்தைக் கணக்கிட முடியும் என்ற வாதமும் நிற்காது. 1994-இல் வெளிவந்த எக்ஸ்எஃப்எஸ், வேண்டும்போது 64 ஐனோடுகளாக உருவாக்குகிறது, அருகாமையையும் காக்கிறது, அதன் ஐனோடு எண்ணுக்குள்ளேயே இடம் பொதிந்திருக்கிறது. அதைச் சுருக்குவது கடினம் என்பது உண்மை. ஆனாலும் ரெட் ஹாட் நிறுவனம் 2014-இல் அதையே தன் லினக்ஸின் இயல்புக் கோப்பு முறையாக்கியது.

எக்ஸ்ட்4 செய்தவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. குரூப்புகளின் அட்டவணைகளைச் சேர்த்து வைத்தார்கள். அட்டவணையைத் துடைக்கும் வேலையைப் பார்மட்டுக்குப் பிந்தைய நேரத்துக்குத் தள்ளினார்கள். எண்ணிக்கையை மட்டும் தொடவில்லை. ஐனோடு தீர்ந்தாலும், இடம் தீர்ந்தாலும், கெர்னல் தருவது 28 என்ற ஒரே பிழை எண். "வட்டில் இடமில்லை" என்று திரை சொல்ல, பாதி வட்டு காலியாக இருப்பதைப் பார்க்கும் ஆசிரியர் எதை நம்புவார்? இந்த இரண்டையுமாவது பிரித்துச் சொல்லும் எச்சரிக்கையைப் பள்ளிகளுக்கான அடுத்த பதிப்பிலேயே சேர்க்க வேண்டும்.