‘நீரின் பணம்’: ஹவுசாவில் ஓர் ஆங்கிலச் சொல்

‘இன்ரறெஸ்ற்’ எனும் ஆங்கிலச் சொல் ஒருபுறம் ஆர்வத்தையும் அக்கறையையும், மறுபுறம் கடனுக்குரிய வட்டியையும் சுட்டும். வட நைஜீரியாவிலும் நைஜரிலும் பெருவழக்கிலுள்ள ஹவுசா மொழியினருக்கு இதனை விளக்குமிடத்து, ஆர்வத்துக்குச் ‘சாஅவா’, வட்டிக்குக் ‘குடின் ருவா’ என இரு நேர்ச்சொற்களைத் தந்து அமைவது எளிது. அவ்விளக்கம் தவறன்று, ஆயின் போதாது.

‘குடின் ருவா’ என்பதன் நேர்ப்பொருள் ‘நீரின் பணம்’ என்பதாகும். பணத்தைச் சுட்டும் ‘குடீ’ என்பதே, சோழியைக் குறிக்கும் ‘வுரி’ எனும் சொல்லின் பன்மை வடிவம்; சோழி நாணயமாக வழங்கிய காலத்தின் எச்சம் அது. இனி, நீரெனப் பொருள்படும் ‘ருவா’ அன்றாடப் பேச்சில் வேறொரு பணியும் புரிகின்றது. ‘பா ருவானா’ என ஒருவர் கூறின், ‘எனக்கு அதில் அக்கறையில்லை’ என்பதே கருத்து; சொல்லுக்குச் சொல் நோக்கின் ‘என் நீர் இல்லை’ என்பதாம். ஆகவே அக்கறையும் வட்டியும் ஒரு சொல்லில் வந்து கூடுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. இவ்வொற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், கற்பவனின் சொந்த மொழியிலேயே கிடக்கும் இத்துணையைக் கைவிட்டு, இரு நேர்ச்சொற்களை மனனஞ் செய்விப்பது வீண் உழைப்பாகும்.

இதனினும் பாரதூரமானது ‘ரிபா’ எனும் சொல். அரபு மொழியில் அது குர்ஆன் விலக்கிய வட்டி. வணிகத்தை ஆகுமாக்கி ரிபாவை விலக்கும் கூற்று அதன் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளது. ஹவுசாப் பேச்சு வழக்கிலோ ‘ரிபா’ என்பது வணிகன் ஈட்டும் இலாபம். வங்கி பெறும் வட்டியை ‘ரிபா’ என விளக்குபவர், சந்தை வணிகனுக்கு அதனை நேரிய இலாபமாகவும், அரபு கற்றவருக்கு விலக்கப்பட்ட பொருளாகவும் ஒரே மூச்சில் உரைத்துவிடுகின்றார். கடன் பத்திரத்தில் கையொப்பமிட வந்தவன் இவற்றுள் எதனைக் கொள்வான்?

2012இல் நைஜீரியாவில் ஜாயிஸ் வங்கி முழுமையான வட்டியில்லா வங்கியாக இயங்கத் தொடங்கியது. அத்தகைய வங்கியின் ஆங்கிலப் பெயரடையை அரைகுறையாக அறிந்தவர் ‘அக்கறையில்லா வங்கி’ எனவும் கொள்ளக்கூடும்!

நூறு நைரா கடன்பெற்று நூற்றுப்பத்தாகத் திருப்பியளிப்பின், மிகுந்த பத்தும் ‘குடின் ருவா’. நூறு நைராவுக்கு வாங்கிய தானியத்தை நூற்றுப்பத்துக்கு விற்பின், அப்பத்து ‘ரிபா’. விளக்கம் இவ்விரு பத்துகளையும் அருகருகே வைத்துத் தொடங்கியிருத்தல் வேண்டும்.