தோற்றவர்கள் எழுதிய வழக்குரை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது நாளிதழ்களில் தவறாது இடம்பெறும் படம் ஒன்றுண்டு. லயத்து அறையிலோ மீனவர் குடிசையிலோ மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் படித்து அதிவிசேட சித்தி பெற்ற ஒரு மாணவனின் அல்லது மாணவியின் படம் அது. படத்தின் கீழே பெற்றோரின் கண்ணீரும் அதிபரின் பெருமிதமும் செய்தியாகும். வறுமை ஒரு தடையன்று, முயற்சி ஒன்றே வேண்டுவது என்ற நீதியும் சொல்லாமற் சொல்லப்படும். அந்தப் பிள்ளையின் வெற்றியில் மகிழாதவர் எவருமிலர். ஆயின், அதே வகுப்பில் அமர்ந்திருந்து வழியிலே கழன்றுபோன ஏனைய முப்பது நாற்பது பேருக்கு எதிராக அந்த வெற்றி சாட்சியாக நிறுத்தப்படுவதை நாம் அவதானிப்பதில்லை. 'அவனால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?' என்ற வினா எழுந்தவுடன் குற்றம் மாணவனுடையதாகிவிடுகிறது. பாடசாலை விடுதலை பெறுகிறது.

இந்த வினாவைத் தலைகீழாகப் புரட்டிப் பாடசாலையையே கூண்டில் ஏற்றிய நூலொன்று 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தாலியில் வெளிவந்தது. 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' எனத் தமிழிற் பெயர் கூறத்தக்க அந்நூலின் ஆசிரியராகத் தனிமனிதர் எவரது பெயரும் குறிக்கப்படவில்லை. பார்பியானாப் பாடசாலை என்பதே அதன் ஆசிரியர் பெயர். பரீட்சையிலே தோற்கடிக்கப்பட்ட எட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள் தமது ஆசானின் வழிகாட்டலில் ஒன்றுகூடி எழுதிய நூல் அது. கல்வியைப் பற்றி வெற்றி பெற்றோர் எழுதிய நூல்கள் ஆயிரமுண்டு. தோற்றவர்கள் எழுதியவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றுள் இதற்கு ஈடானது பிறிதொன்றில்லை என்பது என் கருத்து.

புளோரன்ஸ் நகருக்கு வடக்கே, முஜெல்லோப் பிரதேசத்தின் மலைச்சரிவிலே சிதறிக் கிடந்த சில உழவர் வீடுகளும் ஒரு தேவாலயமுமே பார்பியானா. லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் 1954ஆம் ஆண்டு இறுதியில் அங்கு அனுப்பப்பட்டபோது அது பாதையும் மின்சாரமும் எட்டாத இடமாக இருந்தது. மிலானி 1923இல் புளோரன்சின் செல்வமும் கல்வியும் மிக்க குடும்பமொன்றிற் பிறந்தவர். முன்பு பணியாற்றிய கலென்சானோவில் தொழிலாள இளைஞர்களுக்கு இரவுப் பாடசாலை நடத்தியவர். திருச்சபை மேலிடத்தின் அதிருப்திக்கு ஆளாகியே அவர் மலையுச்சிக்கு ஒதுக்கப்பட்டார் என்பது பலரது கணிப்பு. ஒதுக்கப்பட்ட இடத்திலேயே, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைக் கொண்டு, அவர் பாடசாலையொன்றைத் தொடங்கினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், ஆண்டு முழுவதும் விடுமுறையின்றி அது நடந்தது. மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நாளிதழ் பாடநூலாயிற்று. 'எனக்கு அக்கறை உண்டு' என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரொன்று சுவரில் எழுதப்பட்டிருந்தது. 'எனக்கென்ன' என்று மார்தட்டிய பாசிசத்தின் கோஷத்துக்கு நேர்மாறானது அது.

இங்கே பயின்ற பிள்ளைகளுள் ஆசிரியராக விரும்பியோரும் இருந்தனர். தம்போன்ற பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அவர்களது இலட்சியம். ஆசிரியப் பயிற்சிக்கான அரசாங்கப் பாடசாலையிற் சேர்ந்து, அங்கே தோற்கடிக்கப்பட்டபோது எழுந்ததே இக்கடிதம்.

கடிதத்தில் இரு பிள்ளைகள் மாறிமாறி வருகின்றனர். ஒருவன் ஜியன்னி, பாடசாலை இழந்துவிட்ட ஏழைப் பிள்ளை. மற்றவன் பியெரினோ, வைத்தியரின் மகன். பியெரினோ எழுத வாசிக்க வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறான். முதலாம் வகுப்பையே தாண்டிவிடுகிறான். பாடசாலையின் மொழி அவனது தாயின் மொழி. பாடநூலின் உலகம் அவனது சாப்பாட்டு மேசையின் உலகம். ஜியன்னிக்கோ வினைச்சொல்லொன்றின் எழுத்துக்கூட்டல் பிழைக்கிறது. தொழில், கூலி, குடும்பச் சுமை என்பனவற்றைப் பற்றி வளர்ந்தவர்களுக்கு நிகராக அவன் அறிந்திருந்தும், விடைத்தாளில் அவற்றுக்குப் புள்ளியில்லை. லகர ளகர ழகர வேறுபாட்டிற் சிவப்பு மையைச் சிந்தித் தீர்க்கும் எமது ஆசிரியர்களுக்கு ஜியன்னி அந்நியனல்லன்.

இத்தாலிய அரசியலமைப்பு எட்டு ஆண்டுக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. 1962ஆம் ஆண்டின் சட்டம், பதினொரு வயது முதற் பதினான்கு வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இடைநிலைப் பாடசாலையை ஏற்படுத்தியது. சட்டத்தின் வாயில் திறந்தது. ஆனால் பரீட்சை என்னும் பின்கதவினால் ஏழைகள் வெளியேற்றப்பட்டனர். ஒரு வகுப்பில் இருமுறை இருத்தப்பட்ட பிள்ளை, தன்னிலும் இளையவர்களிடையே நெடிதாய் வளர்ந்து நாணி நிற்கிறது. தந்தைக்கோ வயலில் ஆள் வேண்டும். மூன்றாம் முறை எவரும் அப்பிள்ளையைத் தேடி வருவதில்லை. இதனை உணர்ச்சியுரையாக மாத்திரம் கூறிவிட்டு அமையாது, பதிவேடுகளைத் திரட்டி, ஆண்டுதோறும் கழன்றோரின் தொகையையும் அவர்தம் தந்தையரின் தொழிலையும் பக்கத்துக்குப் பக்கம் வரைபடமாக்கிக் காட்டுகின்றனர் மாணவர்கள். கணக்கிற் பின்தங்கியோர் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளே தம்மைத் தள்ளியோரின் கணக்கைத் தீர்க்கிறார்கள்.

பரீட்சை எதனை அளக்கிறது என்பதை இந்நூல் காட்டும் இடங்கள் மறக்கவொண்ணாதவை. பிரெஞ்சு மொழிப் பரீட்சைத்தாள் ஒழுங்கற்ற பன்மைச் சொற்களாலேயே நிரம்பியிருக்கிறது. அதில் உயர்ந்த புள்ளி பெற்றவனுக்கு ஆந்தையையும் கூழாங்கல்லையும் ஒருமையிலும் பன்மையிலும் சொல்லத் தெரியும். பிரான்சுக்குப் போனால் கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாது. உடற்பயிற்சிப் பரீட்சையிலே கூடைப்பந்து கொடுக்கப்படுகிறது. மலைப்பிள்ளைகள் அதனைக் கண்டதே இல்லை. பரீட்சகர் இகழ்ச்சியோடு பார்க்கிறார். ஆனால் அப்பிள்ளைகளுள் ஒருவன் ஓக் மரத்தில் ஏறிக் கோடரியாற் பெருங்கிளையைத் தறித்து, பனியின் மீது இழுத்துச் சென்று, தாயின் வாசலிற் சேர்க்க வல்லவன். உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்டவன் உடற்பயிற்சியில் தோற்கிறான்! திறமை என்று நாம் வழங்கும் சொல்லினுள்ளே எந்த வர்க்கத்தின் பழக்கவழக்கங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

நூலின் நடையும் இவ்வுள்ளடக்கத்திலிருந்தே பிறந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் துண்டுத்தாள்களிற் குறித்தனர். தாள்களை இனம்பிரித்து அடுக்கினர். கூறியது கூறலைக் களைந்தனர். கடினமான சொல்லை நீக்கி எளிய சொல்லை இட்டனர். வெளியாரை வாசிக்கச் செய்து, விளங்காத இடங்களைத் திருத்தினர். இவ்வாறு மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற சிறு வாக்கியங்கள் சம்மட்டி அடிபோல் விழுகின்றன. எழுத்து என்பது தனிமேதையின் மூச்சு என்று நம்பும் விமர்சகர்களுக்கு இது சங்கடமான சான்று. எழுதத் தெரியாதோர் என்று தள்ளப்பட்டவர்கள், எழுத்தை உழைப்பாகவும் கூட்டுச் செயலாகவும் கொண்டு செம்மையான உரைநடையை ஆக்கிக் காட்டினர்.

அவர்கள் முன்வைக்கும் சீர்திருத்தங்கள் மூன்று. கட்டாயக் கல்விப் பருவத்தில் எவரையும் தோற்கடிக்கலாகாது. மந்தமானோர் எனப்படுவோருக்கு முழுநாட் பாடசாலை வேண்டும். நாட்டமற்றோர் எனப்படுவோருக்கு ஓர் இலட்சியம் காட்ட வேண்டும். இவற்றுள் மூன்றாவதே எமது சிந்தனைக்கு உரியது. மாணவனின் முன்னேற்ற வேட்கையைப் பார்பியானா ஏற்கிறது. ஆனால், எதற்காக முன்னேற்றம் என்று கேட்கிறது. தன் துன்பமே பிறர் துன்பமும் என்று கண்டவன் தனித்து வெளியேற முயல்வது பேராசை. அனைவரும் சேர்ந்து வெளியேறுவதே அரசியல் என்பது அவர்கள் அடைந்த முடிவு. ஏழைப் பாடசாலையின் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதிரே உள்ள தடைகளுள் மிக நுண்ணிய தடையை இது தொட்டுக்காட்டுகிறது. தன்னவரை விட்டு விலகுவதே ஏற்றத்தின் விலை என அப்பிள்ளைக்கு நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது. விலகாவிடிற் தோல்வி; விலகினால் துரோகம். இந்த இருதலைக்கொள்ளியை எந்தப் புலமைப் பரிசிலும் நீக்குவதில்லை.

இனி, நூலுடன் நாம் முரண்படும் இடங்களையும் கூறவேண்டும். முதலாவது, குற்றப்பத்திரம் ஓர் ஆசிரியையின் பெயருக்கே எழுதப்பட்டிருப்பதால், அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திய அமைப்பு சில இடங்களில் நிழலில் மறைந்துகொள்கிறது. இரண்டாவது, முழுநாளும் பிள்ளைகளுக்கே உரியவராதற்கு ஆசிரியர் மணத்துறவு பூணலாம் என்ற யோசனை பாதிரியாரின் உலகத்துக்கு உரியது. வீட்டுச் சுமையையும் வகுப்பறைச் சுமையையும் ஒருங்கே தாங்கும் எமது ஆசிரியைகளிடம் இதனைக் கூறுவது அநீதி. மூன்றாவது, பழைய இலக்கியத்தின் மீது மாணவர் காட்டும் சினம். மொந்தியின் இலியட் மொழிபெயர்ப்பிலுள்ள வழக்கிழந்த சொற்களை மனனஞ் செய்விப்பதை அவர்கள் எள்ளி நகையாடுகின்றனர். பரீட்சைப் பொறியாக இலக்கியத்தைப் பயன்படுத்துவதைச் சாடுவது சரியே. ஆனால் ஹோமரோ கம்பனோ செல்வர்க்கு மட்டும் உரியவர்கள் என விட்டுக்கொடுப்பது ஏழைக்கு மேலும் ஓர் இழப்பாகும். மரபைத் துறப்பதைவிட அதனை மீட்பதே முற்போக்காளரின் கடன்.

எனினும் நூலின் வேறொரு குற்றச்சாட்டு எம்மைத் தப்பவிடாது. காலையில் மக்களின் பணத்திற் சம்பளம் பெற்று எல்லோருக்கும் பொதுவாகக் கற்பித்து, மாலையிற் பணமுள்ளோரிடம் கூலி பெற்று அவர்தம் பிள்ளைகளுக்குத் தனியே கற்பிப்பவர் பற்றிய குற்றச்சாட்டு அது. குறைந்த வேலைநேரத்தைக் காவல் செய்யும் ஆசிரியர் சங்கங்களையும் அது விட்டுவைக்கவில்லை. இடதுசாரிகளாகிய எமக்கு இது கசக்கும். ஆசிரியர் போதிய ஊதியமின்றி வாடுவது உண்மை. அதற்காகப் போராடுவது நியாயம். ஆனால் ரியூட்டரியின் கரும்பலகையில் முழுமையாக எழுதப்படும் பாடம், பாடசாலையின் கரும்பலகையில் அரைகுறையாக எழுதப்படும்போது, எமது கையிலுள்ள வெண்கட்டி எந்த வர்க்கத்துக்குச் சேவகம் செய்கிறது என்ற கேள்விக்கு நாம் விடையிறுத்தே ஆகவேண்டும்.

எமது நாட்டில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி பிறந்தது. மத்திய பாடசாலைகளும் புலமைப் பரிசிலும் கிராமத்துப் பிள்ளைகள் பலரை உயர்த்தின என்பதை மறுப்பவர் நன்றியற்றவர். ஆயின் மலையகத் தோட்டப் பாடசாலைகள், நிலச்சீர்திருத்தத்தைத் தொடர்ந்து 1970களிற் பெருமளவில் அரசின் பொறுப்பிற்கு வரும் வரையில், தோட்ட நிருவாகங்களின் தயவிலேயே கிடந்தன. ஓரறையும் ஓராசிரியருமாக, சில ஆண்டுக் கல்வியோடு பிள்ளையைக் கொழுந்துக் கூடையிடம் ஒப்படைப்பதே அவற்றின் தொழிலாயிருந்தது. மூன்று தலைமுறைக் காலப் பிந்தலைச் சுமந்துகொண்டு அப்பிள்ளை இன்று பொதுப் பரீட்சைக்கு அமர்கிறது.

பல்கலைக்கழக அநுமதியிற் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 விழுக்காடு அகில இலங்கைத் தகைமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இடங்கள் வகுக்கப்பட்டமை ஏற்றத்தாழ்வை ஓரளவு உணர்ந்த ஏற்பாடே. ஆனால் மாவட்டம் என்பது ஒரே தளமன்று. நுவரெலியா மாவட்டத்திலும் நகரப் பாடசாலை உண்டு. அங்கே ஆய்வுகூடமும் இரசாயனவியல் ஆசிரியரும் உண்டு. மலைக்கு அப்பால் உள்ள தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாதிருக்கலாம். வைத்தியராக விரும்பும் பிள்ளை அங்கே கலைப்பிரிவில் அமர்கிறது. அதனைப் பரீட்சை தோற்கடிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தின் வாசலுக்கே அது வந்து சேரவில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் ஒரு பியெரினோ இருக்கிறான் என்பதை எந்தச் சூத்திரமும் இதுவரை முற்றாகக் கணக்கிற் கொள்ளவில்லை.

மிலானி, நூல் வெளிவந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், 1967 ஜூன் 26ஆம் திகதி, நாற்பத்து நான்காம் வயதிற் காலமானார். அவரைப் போன்ற ஒருவர் எமக்கும் கிடைக்கமாட்டாரா என்று ஏங்குவது வீண். தியாகிகளை நம்பி நடக்கும் கல்வி முறை, தியாகி மறைந்ததும் மறைந்துபோகும். நாம் செய்யக்கூடியது எளியது. அதனாலேயே தட்டிக்கழிக்க முடியாதது. பார்பியானா மாணவர் செய்ததுபோல, ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடசாலையின் வரவு இடாப்புக்களை எடுத்து, முதலாம் ஆண்டிற் சேர்ந்த பெயர்களையும் சாதாரண தரத்துக்கு அமர்ந்த பெயர்களையும் அருகருகே வைத்து எண்ணட்டும். இடையிற் சிவப்பு மையாற் கோடிடப்பட்ட பெயர்கள் எத்தனை, அப்பெயர்களுக்கு உரியோரின் பெற்றோர் யார், அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கின்றனர் என்று எழுதட்டும். அந்தப் பட்டியல், நாளிதழில் வெளியான வெற்றியாளனின் படத்தின் பக்கத்திலே, அதே அதிபரின் அறைச் சுவரில் தொங்கட்டும். அப்பொழுதுதான் பாடசாலையைப் பற்றிய உண்மையான பேச்சுத் தொடங்கும்.