காப்பாற்றிய கதைகள்

'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று ஒரு வரி திரையில் விழுந்துவிட்டால் போதும், நாம் கையிலிருக்கும் தராசைக் கீழே வைத்துவிடுகிறோம். இது நடக்குமா, இந்த மனிதன் இப்படிப் பேசுவானா என்று கற்பனைக் கதையிடம் கேட்கிற கேள்விகளை உண்மைக் கதையிடம் நாம் கேட்பதில்லை. நடந்ததைத்தானே காட்டுகிறார்கள் என்று ஒரு கூச்சம். அதிலும் உயிரைக் காப்பாற்றிய கதை என்றால் கேள்வி கேட்பதே பாவம் போலத் தோன்றுகிறது. தர்ம ஸ்தாபனங்கள் அனுப்புகிற பிரசுரங்களுக்கும் இதே சலுகைதான். அட்டையில் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு கணக்குக் கேட்க யாருக்கு மனம் வரும்?

இந்தச் சலுகை கூடாது என்பது என் அபிப்பிராயம். காப்பாற்றியது பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது வாஸ்தவமாகவே இருக்கும். ஆனால் நடந்தது மெய்யாக இருக்க, சொன்னது பொய்யாகப் போய்விடலாம்.

2016-ல் வந்த 'ஏர்லிஃப்ட்' என்ற ஹிந்திப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்துக்கொண்டபோது, ஏறக்குறைய 1,70,000 இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மாத காலம் பறந்து ஊர் கொண்டுவந்து சேர்த்தன. பலர் கூடி இழுத்த தேர் அது. முன்னின்று உழைத்தவர்களில் கேரளத்துக்காரரான மாத்துண்ணி மாத்யூஸும் ஒருவர். படத்தில் அந்தத் தேரை ஒரே கதாநாயகன் இழுக்கிறான். அவன் பெயரும் கற்பனை. எங்களைச் சோம்பேறிகளாகக் காட்டிவிட்டார்கள் என்று வெளியுறவு அமைச்சகமே ஆட்சேபித்தது. சினிமாவுக்கு ஒரு கதாநாயகன் வேண்டும், அதை மன்னித்துவிடலாம். ஆனால் கதாநாயகனைக் கற்பனை செய்துகொண்டு, 'உண்மைச் சம்பவம்' என்ற முத்திரையையும் விடாமல் வைத்துக்கொள்வதை எப்படி மன்னிப்பது?

நிற்க. நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே போனால், களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணி 1901 முதல் 1951-ல் காலமாகும்வரை அங்கே இருந்து, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். பிறகு கதியற்ற வேறு குழந்தைகளும் வந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார்கள். ஆரம்ப காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வைத்தியம் வேண்டும் என்பதற்காக நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் அருகே ஒரு வீடு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி.

அந்தக் கொடுமை கற்பனையல்ல. சுசீந்திரம் கோயிலிலும் தேவதாசிகள் இருந்தார்கள். திருவிதாங்கூர் அரசு அந்த முறையை 1930-ல் நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் சட்டம் வர 1947 ஆயிற்று. ஆகவே கார்மைக்கேல் இல்லாத பேயை ஓட்டவில்லை.

1903-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'திங்ஸ் ஆஸ் தே ஆர்'. 'உள்ளது உள்ளபடி' என்று சொல்லலாம். அதன் கையெழுத்துப் பிரதியை முதலில் இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, மனத்தைத் தளரச் செய்கிறது என்று திருப்பிவிட்டார்கள். காரணம், அதில் வெற்றிகள் குறைவு. கதவு சாத்தப்பட்ட வீடுகளும், கைநழுவிப் போன பெண்களும்தான் அதிகம். காசு கொடுப்பவர்களுக்கு இனிக்கிற கதையை எழுத மறுத்தார் அந்த அம்மாள். தர்ம ஸ்தாபனம் நடத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும்? இதுவரை அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் புத்தகம் வந்ததும் இதெல்லாம் மெய்தானா என்ற சந்தேகம் கிளம்பிற்று. பிற்பதிப்புகளில், மெய்தான் என்று சான்றுரைகள் சேர்த்தார்கள். சான்று சொன்னவர்கள் யார்? இந்தியாவில் ஊழியம் செய்துகொண்டிருந்த மிஷனரிகள். அதாவது காப்பாற்றுகிற பக்கத்தைச் சேர்ந்தவர்களே காப்பாற்றியவருக்குச் சாட்சி. கோயிலைச் சார்ந்திருந்த பெண்களிடம் சாட்சி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களிடம் இசை இருந்தது, நாட்டியம் இருந்தது, பிள்ளைப் பாசமும் இருந்திருக்கும். புத்தகத்தில் அவர்கள் நிழல்கள்.

1911-ல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குள் சிறுமி ஊரைவிட்டே போய்விட்டாள். கடல் கடந்து அனுப்பிவிட்டார்கள். டோனாவூர்க் கதையில் இது காப்பாற்றியது. தாயின் கதையில் இது கடத்தியது. தாய் நல்லவளா, பேராசைக்காரியா என்பது வேறு விஷயம். நாம் படித்து வளர்வது முதல் கதையை மட்டும்தான். கார்மைக்கேலுக்குப் பின் வந்த சரித்திரக்காரர்களில் பலர், அவர் எழுதிய தோல்விகளையும் சுருக்கி, ஆயிரம் குழந்தைகளைக் கோயிலிலிருந்து மீட்ட வீரக் கதையாக ஆக்கிவிட்டார்கள். உள்ளது உள்ளபடி எழுதியவருக்கே கடைசியில் கிடைத்த மரியாதை இது.

இனிக் கடலுக்கு வருவோம். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். 669 வள்ளங்கள், 4,537 மீனவர்கள், காப்பாற்றியது 65,000 பேருக்கு மேல் என்பது கணக்கு. 2023-ல் ஜூட் ஆந்தனி ஜோசப் இதை '2018' என்ற மலையாளப் படமாக எடுத்தார். 'எல்லோரும் கதாநாயகர்களே' என்பது அதன் துணைத் தலைப்பு. ஆஸ்கார் பரிசுக்கு இந்தியாவின் சார்பில் போன படம். மழையையும் பயத்தையும் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். கடற்கரை மனிதர்களை வணங்கவும் செய்கிறார்கள்.

ஆனால் அந்த வள்ளக்காரர்கள் ஒன்பது மாதங்களுக்கு முன்னால் எந்த நிலையில் இருந்தார்கள்? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆட்கள் ஆழ்கடலில் வாரக் கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். புயலின் எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. விழிஞ்ஞமும் பூந்துறையும்கூட ஆட்களை இழந்தன. தேடப் போகிற கப்பலில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆழக்கடலில் எங்கே தேட வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்று கரையிலிருந்தவர்கள் மன்றாடினார்கள். சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனவர்களும் உண்டு. டிசம்பர் 7-ந் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தாங்களாகவே லட்சத்தீவுக்கும் குஜராத்துக்கும் கரை சேர்ந்தவர்களையெல்லாம் 'மீட்கப்பட்டவர்கள்' கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொன்ன புகார்.

திவ்யபாரதி இதைப் பற்றி எடுத்த ஆவணப் படத்துக்கு அந்தக் கரையின் பேச்சிலேயே 'ஒருத்தரும் வரேல' என்று பெயர் வைத்தார். 2018-ல் முன்னோட்டம் வந்ததுமே போலீஸின் கண் அவர்மேல் விழுந்தது. அந்தப் பெயரையும் நாம் தராசில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். கடற்படையும் கடலோரக் காவல் படையும் பலரைக் கொண்டுவந்து சேர்த்தது மெய். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் 'ஒருத்தரும்' என்பது மிகை. ஆனால் வள்ளவிளையில் வாசலில் நின்றுகொண்டிருந்தவளுக்கு, அவள் புருஷன் மிதந்த இடத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. பேசுகிறவள் யார் என்று சொல்லிவிட்டுப் பேசுகிற படத்தின் மிகையை நாம் கழித்துக்கொள்ளலாம். பேசுகிறவர் யார் என்று சொல்லாத படத்தில் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது?

நிவாரண நிதிக்குக் காசு கொடுக்கிறோம், தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இரண்டும் நல்ல காரியங்கள். கூடவே சில கேள்விகளையும் கேட்டு வைத்தால் குற்றமில்லை. காப்பாற்றப்பட்டவர் இந்தக் கதையில் வாய் திறந்து பேசுகிறாரா? கைக்கு எட்டாமல் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது உண்டா? மறுநாள் அடுப்பு எரிந்ததா என்று யாராவது பார்த்தார்களா?

வெள்ளத்தில் கூப்பிட்டபோது கடற்கரைக்காரர்கள் வந்தார்கள். அதைக் காட்டிய படம் பொய்யல்ல. அவர்கள் கூப்பிட்டபோது நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அது முழு மெய்யும் அல்ல.