நிமிடத்தைத் துடைக்கும் ஆள்

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில், இரண்டாம் எண் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம் தொங்குகிறது. 2016-ல் வைத்தது. மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சீருடையில் ஒரு மனிதர் நின்றுகொண்டு நிமிட முள்ளைத் துணியால் துடைக்கிறார். கொஞ்சம் தள்ளி மறுபடி வரைகிறார். அடுத்த நிமிடமும் இதேதான். உள்ளே ஆள் யாரும் இல்லை, 12 மணி நேரம் ஓடும் ஒரு படம் அது. நான் அதை வீடியோவில்தான் பார்த்தேன். விஷயம் தெரிந்த பிறகும் ‘பாவம், இவர் எப்போ சாப்பிடுவார்?’ என்றுதான் மனசு கேட்டது.

இதைச் செய்தவர் மார்ட்டன் பாஸ். 1978-ல் பிறந்த டச்சு வடிவமைப்பாளர். கடிகாரங்களுக்கு முன்னால் அவர் பெயர் வாங்கியது நாற்காலிகளில். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘விளையாட்டுத்தனம்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். சரிதான். ஆனால் எல்லா விளையாட்டும் ஒன்றல்ல.

2002-ல் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் படிப்பை முடிக்கும்போது அவர் செய்தது ‘ஸ்மோக்’. மரச்சாமான்களை நெருப்பால் கருக்கி, முழுக்கச் சாம்பலாகும் முன் நிறுத்தி, கரியின் மேல் எபாக்ஸி பிசின் பூசி இறுக்கினார். உட்காரலாம், வேட்டியில் கரி ஒட்டாது. 2004-ல் நியூயார்க்கின் ‘மாஸ்’ கடையில் ஒரு படி மேலே போனார்: ரீட்வெல்ட், ஈம்ஸ், சோட்சாஸ் போன்ற ஜாம்பவான்களின் வடிவமைப்புகளையே எரித்துக் காட்டினார்.

பெரும்பாலானோர் கொண்டாடுவது இந்த இரண்டாவது எரிப்பைத்தான். எனக்கென்னவோ அதுதான் பலவீனமாகப் படுகிறது. ரீட்வெல்ட் யாரென்று தெரியாதவருக்கு அது வெறும் கருகிய நாற்காலி. வாத்தியார் படத்துக்கு மீசை வரைவது மாதிரி, வாத்தியாரைத் தெரிந்தால்தான் சிரிப்பு வரும். பெயரில்லாத பழைய நாற்காலி எரியும்போது அப்படியில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பொருளுக்கு நெருப்பு ஒரு முகம் கொடுக்கிறது. மூயி நிறுவனம் ‘ஸ்மோக்’ நாற்காலியைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. விபத்து விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

2006-ல் வந்த ‘கிளே’ வரிசையில் உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே கையால் பிசைந்து அப்பிய செயற்கைக் களிமண். அச்சு கிடையாது. எல்.கே.ஜி. பிள்ளை செய்த நாற்காலி போல ஒவ்வொன்றும் கோணல்மாணலாக நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும், தொடத் தோன்றும். விரல்தடம் தெரிகிற பொருள் இது. ஆனால் பட்டறை பெரிதாகும்போது பிசைகிற கைகள் பலவாகும், பெயர் ஒன்றாகவே இருக்கும். குழந்தையின் கோணல் கடைசியில் பணக்கார வீட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சேர்கிறது.

2009-ல் மிலானில் காட்டிய ‘ரியல் டைம்’ வரிசையில்தான் பாஸ் இந்தச் சிக்கலுக்கு நேராக வருகிறார். ஒரு படத்தில் இரண்டு பேர் குப்பையைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி மணி முள்ளும் நிமிட முள்ளும் ஆக்குகிறார்கள். இன்னொன்றில் ஒருவர் டிஜிட்டல் கடிகாரத்தின் எண்களைக் கையால் பூசியும் துடைத்தும் மாற்றுகிறார்.

நான் மென்பொருள்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. டிஜிட்டல் எண் ஒவ்வொன்றும் ஏழு கோடுகளால் ஆனது. 8, 9 ஆக ஒரே ஒரு கோட்டைத் துடைத்தால் போதும். 1, 2 ஆக வேண்டுமென்றால் ஒன்றைத் துடைத்து நான்கைப் பூச வேண்டும். கருவிக்கு எல்லா நிமிடமும் ஒன்றுதான். உள்ளே நிற்கிற ஆளுக்கு லேசான நிமிடம் உண்டு, பாரமான நிமிடமும் உண்டு.

எங்கள் தொழிலில் ‘அது தானா ஓடுது’ என்று சர்வசாதாரணமாகச் சொல்வோம். ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து உட்காருகிறவருக்குத்தான் எது எவ்வளவு தானாக ஓடுகிறது என்று தெரியும். நாற்காலிகளில் உழைப்பு பெயருக்கும் விலைக்கும் அடியில் போய்விடுகிறது. கடிகாரத்தில் அதை மறைக்க வழியில்லை, உழைப்பு நின்றால் நேரமும் நின்றுவிடும்.

ஒரு உறுத்தல் மட்டும் மிச்சமிருக்கிறது. அந்த நடிகர் ஒருமுறை துடைத்தார், படம் தினமும் ஓடுகிறது. கடிகாரத்துக்குக் கீழே தரையைத் துடைக்கிறவர் தினமும் வர வேண்டும். மேலே பார்த்துச் சிரித்த பயணி, கீழே இருக்கிறவருக்குக் காலை நகர்த்தி வழிவிட்டாரா? பாஸின் விளையாட்டு பலித்ததா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.