மாபுங்குப்வேயின் மண் மாடங்கள்

கவிதையையும் கதையையும் திறனாய்வு செய்யும் நாம், கட்டடங்களை அந்நோக்கில் அணுகுவது அரிது. ஆயினும் கட்டடமும் ஒரு கருத்தைக் கூறவே செய்கிறது. தான் நிற்கும் மண்ணையும் அம்மண்ணுக்குரிய மக்களையும் அது எவ்வாறு மதிக்கிறது என்பது சுவரிலும் கூரையிலும் வெளிப்பட்டே தீரும். பழம்பெருமையும் இயற்கையின் பேரெழிலும் ஒருங்கே வாய்த்த இடங்களில், காண வருவோருக்கென எழுப்பப்படும் கட்டடங்களில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

அத்தகைய இடங்களில் கட்டடக் கலைஞர் இருவகையில் வழுக்கி விழக்கூடும். பழைய முகப்பொன்றைச் சிமெண்டில் வார்த்துவிட்டு, மரபைப் போற்றிவிட்டதாக எண்ணுவது ஒருவகை. மலையினும் மேலாகத் தம் கட்டடமே பேசப்பட வேண்டுமென விழைவது மற்றொரு வகை. சவூதி அரேபியாவின் அல்உலாவில் 2019-இல் நிறைவுற்ற ‘மராயா’ அரங்கு இவ்விரண்டையும் தவிர்க்க முயன்றது. அதன் புறச்சுவர்களைக் கண்ணாடி போர்த்தியிருக்கிறது. சூழவுள்ள மணற்பாறைக் குன்றுகள் அதில் தெரிகின்றன. கட்டடமோ கண்ணுக்கு மறைகிறது. அழகிய உத்திதான். ஆனால் கண்ணாடி எதிரே நிற்பதைக் காட்டுமேயன்றி, முன்பு அங்கு வாழ்ந்தவரைக் காட்டாது. அதே வட்டாரத்தில், அல்ஹிஜ்ரின் பாறைகளைக் குடைந்து கல்லறை முகப்புகளைச் செதுக்கிய நபத்தியரின் உளியைப் பற்றி அச்சுவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அது கலை நிகழ்ச்சிகளுக்கான அரங்கு, வரலாறு சொல்வது அதன் கடமையன்று என்பர். அதனை ஏற்கிறோம். எனினும், வரலாறு சொல்வதையே கடமையாகக் கொண்ட ஒரு கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு விடை இருக்கிறது. லிம்போபோ, ஷாஷே என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில், போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும் எல்லையாகத் தொடும் வறண்ட நிலத்தில் மாபுங்குப்வே என்னும் குன்று எழுந்து நிற்கிறது. சுற்றிலும் தட்டையான உச்சியையுடைய மணற்கல் மேடுகள். இடையிடையே, நம் கடற்கரை மக்கள் பெருக்க மரம் எனவும் பொந்தன்புளி எனவும் அழைக்கும் பெருமரங்கள். 13-ஆம் நூற்றாண்டில் இக்குன்றின் உச்சியில் மன்னர் வாழ்ந்தார். அடிவாரத்தில் மக்கள் வாழ்ந்தனர். பொன்னும் தந்தமும் இங்கிருந்து கிழக்குக் கடற்கரைத் துறைகளுக்குச் சென்றன. இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் இங்கு வந்து சேர்ந்தன. அரபு, சுவாஹிலி வணிகரின் கப்பல்கள் உலவிய அதே இந்துமாக்கடல்தான் நம் காயலையும் நாகூரையும் தழுவுகிறது. ஆகவே இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

1932-இன் இறுதியில் குன்றின் மேலிருந்த கல்லறைகளில் பொற்பொருள்கள் கண்டெடுக்கப்பட்டன. பொற்றகடு போர்த்திய சிறு காண்டாமிருகம் அவற்றுள் புகழ்பெற்றது. கருப்பின மக்கள் பேரரசு கண்டவர் என்பதற்கு அது சான்று. நிறவெறி ஆட்சிக்கு அச்சான்று உவப்பானதாக இருக்கவில்லை. பொருள்கள் பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தின் காப்பில் கிடந்தன. பொதுமக்களின் வரலாற்றறிவில் அவை இடம்பெறவில்லை. விடுதலைக்குப் பின்னரே, 2002-இல், நாட்டின் உயர்ந்த விருதுக்கு மாபுங்குப்வேயின் பெயர் சூட்டப்பட்டது. 2003-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அகழ்ந்தெடுத்துச் செல்லப்பட்ட மனித எலும்புகள் 2007-இல் அம்மண்ணிலேயே மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டன.

இவ்வளவு கனத்த வரலாற்றைத் தாங்க வேண்டிய விளக்க மையத்தைக் கட்டடக் கலைஞர் பீட்டர் ரிச் வடிவமைத்தார். 2009-இல் அது நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே பார்சிலோனாவில் நடந்த உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் எனத் தேர்வு பெற்றது. மணற்கல் மேட்டின் சரிவில், மண்ணிலிருந்து முளைத்தெழுந்தவை போல் வளைவு மாடங்கள் நிற்கின்றன. அவற்றின் மேற்புறம் அவ்விடத்துக் கற்களால் வேயப்பட்டுள்ளது. வழிப்போக்கர் அடையாளமாகக் குவித்துவைக்கும் கற்குவியலின் நினைவை அவ்வடிவம் தருகிறது.

வடிவத்தினும் நம் கருத்தைக் கவர்வது செய்முறை. அவ்வட்டாரத்து மண்ணில் சிறிதளவு சிமெண்டைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுடாமலே ஓடுகள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 2,00,000 ஓடுகள். அவற்றைச் செய்தவர்கள் அப்பகுதியில் வேலையற்றிருந்த ஆண்களும் பெண்களும். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் பயிற்சி பெற்றவர்கள். விரைந்து இறுகும் சாந்தினால் ஓட்டோடு ஓட்டை ஒட்டி, அடுக்கின்மேல் அடுக்காக வளைவை எழுப்பினர். பெருமளவு சென்ட்ரிங் பலகைகள் தேவைப்படவில்லை. பெரிய மாடங்களின் உள்ளே இரும்புக் கம்பியும் இல்லை. பாரம் முழுவதையும் வளைவே அழுத்தமாக ஏற்றுத் தரைக்கு இறக்கிவிடுகிறது. மைக்கேல் ராமேஜ், ஜான் ஓசென்டார்ஃப் ஆகிய அறிஞர்கள் இதன் கணக்கை வகுத்துத் தந்தனர்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். இவ்வளைவு முறை ஆப்பிரிக்காவுக்குரியதன்று. அது ஸ்பெயினின் கட்டலோனியாவில் வளர்ந்தது. ஆப்பிரிக்கப் பாரம்பரியத்தைப் போற்ற அயல்நாட்டுக் கலை எதற்கு? இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆயின், அம்முறையின் மூலத்தைத் தேடிச் சென்றால், முஸ்லிம் ஆட்சிக்கால அந்தலூசில், முர்சியாப் பகுதியிலுள்ள சியாசாவின் இடிபாடுகளில் அதன் பழஞ்சான்றுகள் கிடைக்கின்றன. கலை எந்நாட்டிலும் ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. கடல் கடந்து வந்த மணிகளைத் தன் அணிகலனாக்கிக்கொண்ட அரசுக்கு, கடல் கடந்து வந்த கூரை பொருந்தாது என்பது எங்ஙனம்? அம்மண்ணும் அம்மக்களின் கைகளும் சேர்ந்தபோது அக்கூரை அவர்களுடையதாயிற்று.

நமக்குள்ள குறை வேறு. அரசின் அடையாளமான பொன் காண்டாமிருகம் பிரிட்டோரியாவிலேயே இருக்கிறது. எலும்புகள் வீடு திரும்பின, பொன் திரும்பவில்லை. பாதுகாப்பு முதலிய காரணங்கள் கூறப்படலாம். ஆயினும், வரலாற்றைச் சொல்ல வீடு கட்டிய பின்னரும் அவ்வரலாற்றின் தலையாய சான்று நெடுந்தொலைவில் இருப்பது, பெருமையை மக்களுக்கும் பொருளை நிறுவனத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தது போலாகும். மற்றொன்று, விருதோடு கலைஞரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. 2,00,000 ஓடுகளை அழுத்திய கைகளுக்குரியவரின் பெயர்களை யாரும் உச்சரிக்கக் கேட்டிலோம். ஆறுதலுக்குரியது ஒன்றுண்டு: இச்செய்முறை அங்கேயே முடங்கிவிடவில்லை. 2017-இல் திறக்கப்பட்ட ருவாண்டா கிரிக்கெட் அரங்கின் மண்ணோட்டு வளைவுகள் இதன் வழிவந்தவை.

மரபினால் ஊக்கம் பெற்ற கட்டடம் என்னும் சொற்றொடர் இன்று மலிந்துவிட்டது. நம் ஊர்களிலும் நினைவில்லங்களும் அருங்காட்சியகங்களும் எழுகின்றன. பழைய தூணையோ மினாராவையோ ஒத்திருந்தால் போதும் என்று மனநிறைவு கொள்கிறோம். மாபுங்குப்வே வேறு அளவுகோலைத் தருகிறது. எந்த மண்ணால் கட்டினீர், யார் கைகளால் கட்டினீர், கட்டி முடித்தபின் அக்கைகளில் எந்தத் தொழிலை விட்டுச் சென்றீர் என்று அது வினவுகிறது. மூன்றாவது வினாவுக்கு அதனிடமும் முழுமையான விடை இல்லை. எனினும், கேட்க வேண்டிய வினாவைக் கேட்டது அக்கட்டடத்தின் சிறப்பு என்றே நாம் மதிப்பிடுகிறோம்.