ஞாயிறு நாலு மணிக்கு நான்தான் ராஜா!

சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பூமியில் என்னைவிடக் கொடுத்து வைத்தவன் எவனும் கிடையாது. மிச்ச நாளெல்லாம் நான் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். கிளிமூக்கு மாங்காய் எத்தனை லோடு இறங்கிச்சு, எத்தனை டிரம் கூழ் ஏறிச்சு, அழுகல் எவ்வளவு கழிஞ்சுது, இதுதான் பொழப்பு. ஞாயிறு வந்தால் நான் ரேடியோக்காரன்! சம்பளமா? கிடையாது. பஸ் காசு, ரயில் காசு, டீக் காசு எல்லாம் கைக்காசு. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை விலைக்குக் கேட்டு யாராவது வந்து பாருங்கள், அடிக்க ஓடி வருவேன்.

எங்க ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டம், ஆந்திரா. மேப்பில்தான் ஆந்திரா, வாயில் பாதித் தமிழ். வீட்டில் அம்மாவிடம் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் ரெண்டும் கலந்து. எங்க ஊர்க் கல்யாணத்தில் மைக்செட்காரர் ஒரு தமிழ்ப் பாட்டு போட்டால் அடுத்தது தெலுங்கு போட்டே ஆகணும், இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் கோணிப் போகும். ஒரு பக்கம் போனால் கார்வேட்டிநகரம். அங்கே கோயில் கொண்ட வேணுகோபால சுவாமி மேல் அந்தக் காலத்திலேயே சாரங்கபாணி என்கிற கவி பதம் பதமாகத் தெலுங்கில் பாடி வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம் எல்லை தாண்டினால் பள்ளிப்பட்டு. அந்த வட்டத்துக் கோனேட்டம்பேட்டையில்தான், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நம்ம எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1946 ஜூன் 4-ஆம் தேதி பிறந்தார்! அந்தக் குரல் முதன்முதலாக அழுத மண் எங்க பஸ் ரூட்டில் இருக்கிறது என்றால், எனக்குப் பாட்டுப் பைத்தியம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

ஞாயிறு காலையில் பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து திருத்தணி போய், மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் சென்னை வருவதற்குள் என் நிகழ்ச்சி மனசுக்குள் நாலு தடவை ஓடி முடிந்திருக்கும். உதடு தானாக அசையும். "வணக்கம்... நமஸ்காரம்..." என்று நான் முணுமுணுப்பதைப் பார்த்து எதிர் சீட்டு அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் ஒரு நாள்! போகட்டும். நான் போய்ச் சேருகிற இடம் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிற சமுதாய வானொலி. தன்னார்வலர்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு மணி நேரம் தாருங்கள் என்று நான் கேட்டேன், பொறுப்பாளர் மேடம் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை லீவைக் கெடுத்துக்கிட்டு வருவீங்களா?" என்றார். கெடுத்துக்கொள்வதா! எனக்கு லீவே அதுதானே!

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்களை உள்ளே கூட்டிப் போகிறேன். கனமான ஒரு கதவு. தள்ளி உள்ளே போய் அது பின்னால் மூடியதும் சென்னையே காணாமல் போய்விடும். ஹார்ன் இல்லை, காக்கா இல்லை, காற்றுகூட இல்லை. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். நம்ம மூச்சு நமக்கே கேட்கும், எச்சில் விழுங்கினால் அதுவும் கேட்கும். மேசைமேல் மிக்ஸர், வரிசையாக ஃபேடர்கள், அதில் என் மைக்குக்கான ஃபேடரில் யாரோ ஒரு புண்ணியவான் சின்னதாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார். ஹெட்போனை மாட்டுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாணவத் தம்பி கையைத் தூக்கி, "அண்ணே, பத்து செகண்ட்" என்கிறான். வயிற்றில் ஏதோ புரளுகிறது. உள்ளங்கை ஈரம். ஐந்து விரல், நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, கதவுமேல் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது, நான் ஃபேடரை மெதுவாக மேலே தள்ளுகிறேன், மீட்டரில் பச்சைக் கோடு துள்ளுகிறது, "வணக்கம்" என்கிறேன், அய்யோ, அந்தக் குரல் என்னுடையதா? காதுக்குள் அவ்வளவு ஆழமாக, அவ்வளவு அழகாக, நடுவயசு ஃபேக்டரி குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே!

இதைவிடப் பெரிய போதை ஒன்று இருக்கிறது. பாட்டின் முன்னிசை ஓடும் அல்லவா, வயலின் எழும்பும், தபேலா சேரும், பாடகர் வாய் திறக்க இன்னும் சில விநாடிதான். அந்த இடைவெளிக்குள் படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாம் சொல்லி முடித்து, நான் கடைசி எழுத்தை உச்சரித்து வாயை மூடவும் பல்லவி தொடங்கவும் சரியாக இருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பாட்டின்மேல் விழுவோம், முந்தினால் ஒரு சின்னப் பள்ளம் விழும். சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆஹா! நாற்காலியிலிருந்து எம்பிக் குதித்து, கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன், அவன் தலையில் அடித்துக்கொள்வான், நான் விடமாட்டேன், மைக்கை மூடிவிட்டுப் பாட்டோடு சேர்ந்து நானும் பாடுவேன், அறைக்குள் ஆடக்கூட ஆடியிருக்கிறேன். வயசென்ன, வாயென்ன, ஒன்றும் ஞாபகம் இருக்காது.

சனிக்கிழமை ராத்திரி நடக்கிற கூத்து தனி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை விரிப்பேன். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு? இதில்தான் சார் விஷயமே இருக்கிறது! போன மாதம் ஒரு ஞாயிறு போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. முதலில் பி. சுசீலா, விஜயநகரத்துப் பெண். பின்னணிப் பாடகிக்கு என்று தேசிய விருது முதன்முதலாக வந்தபோது 1968-க்கான அந்த விருதை அவர் வாங்கியது எதற்கு? 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடிய தமிழ்ப் பாட்டுக்கு! அடுத்து எஸ். ஜானகி, குண்டூர் ஜில்லாக்காரர், அவருடைய முதல் தேசிய விருது '16 வயதினிலே' பாட்டுக்கு, அதுவும் தமிழ்! அதற்கடுத்து நம்ம பாலு, நாலு மொழியில் ஆறு தேசிய விருது, அதில் தமிழுக்குக் கிடைத்தது 'மின்சாரக் கனவு'. மூன்று தெலுங்குக் குரல், மூன்று தமிழ்ப் பாட்டு, வரிசையாக! கேட்கிறவர்களை அங்கே நிறுத்தி மூச்சு வாங்க விட்டேனா? விடவில்லையே! அப்படியே திருப்பிப் போட்டேன். நாகர்கோவில் பக்கத்து கே.வி. மகாதேவன் தேசிய விருது வாங்கிய தெலுங்குப் படம் 'சங்கராபரணம்', அதே படத்தில்தான் சங்கீதத்தை முறையாகப் பயிலாத பாலுவுக்கு முதல் தேசிய விருது, பிறகு பண்ணைப்புரத்து இளையராஜா முதல் தேசிய விருது வாங்கிய படம் எது என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு நொடி நிறுத்தி, 'சாகர சங்கமம்', 1983, தெலுங்கு என்று சொல்லிப் பாட்டை விட்டேன், தமிழில் 'சலங்கை ஒலி' என்று நாமெல்லாம் உருகினோமே அதே படம், அதன் தெலுங்குப் பாட்டு முடிகிற மூச்சில் தமிழ்ப் பாட்டைக் கோத்துவிட்டேன், ஒரே மெட்டு, ஒரே குரல், வேட்டூரி எழுதின வரியும் வைரமுத்து எழுதின வரியும் ஒன்றன்பின் ஒன்றாக, எனக்குக் கண்ணில் தண்ணீர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி செல்போனைக் கீழே வைத்துவிட்டான், ஒரு ரேடியோக்காரனுக்கு இதைவிடப் பெரிய விருது வேறு உண்டா! தெலுங்குக்காரர்கள் தமிழுக்கு வந்து வாங்கினார்கள், தமிழ்க்காரர்கள் தெலுங்குக்குப் போய் வாங்கினார்கள், நடுவில் எல்லையோரத்தில் பிறந்த நான் ரெண்டையும் ஒரே மணி நேரத்தில் அள்ளிக்கொண்டேன்!

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்தது என்று நினைக்காதீர்கள். பரம்பரை பெரிசு. 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'மெட்ராஸ் பிரெசிடென்ஸி ரேடியோ கிளப்' தொடங்கினார். ஆகாசவாணி பிறக்காத காலம்! அந்த வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டார்கள், வெறும் 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு. காசு கட்டுப்படியாகாமல் 1927-இல் கிளப் மூடிப்போனது, கருவி மாநகராட்சிக்குப் போனது, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. அதில் ஞாயிறும் விடுமுறையும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்ன போட்டார்கள் தெரியுமா? இசைத்தட்டுப் பாட்டு! ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம், பாட்டு! இதைப் படித்த அன்று நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். அப்புறம் 1952-இல் மந்திரி கேஸ்கர் காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது ஜனங்கள் சும்மா இருந்தார்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி ஆகாசவாணியே சினிமாப் பாட்டுக்கு விவித் பாரதியைக் கொண்டு வந்த பிறகும் அந்த முள் திரும்பவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத்... எங்க அப்பா இந்தப் பெயர்களைச் சொல்லும்போது குலதெய்வத்தைச் சொல்கிற மாதிரி சொல்வார். கே.எஸ். ராஜா பேசுகிற வேகத்தைப் பேசிக் காட்ட முயன்று அவருக்கு இருமல் வந்துவிடும்.

எங்கள் நிலையத்து வீச்சு சின்னதுதான். சமுதாய வானொலிக்கு அரசு பொதுவாக அனுமதிக்கிற சக்தி 100 வாட், அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் அதிகம். எட்டினால் போதுமே! அதற்குள் எத்தனை ஜன்னல், எத்தனை தையல் மெஷின், எத்தனை ஆட்டோ! பாட்டு ஓடும்போதே நிலையத்து வாட்ஸ்அப் கிணுகிணு என்கிறது. பிளவுஸ் தைத்துக்கொண்டே கேட்கிற ஒரு டெய்லர் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார், பின்னால் மெஷின் கடகடக்கிறது: "அந்தத் தெலுங்குப் பாட்டை அடுத்த வாரமும் போடுப்பா, எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா விட முடியல." இதைக் கேட்டுவிட்டு நான் தரையில் நின்றேன் என்றா நினைக்கிறீர்கள்! பாலசமுத்திரத்துக்கு அலைவரிசை எட்டாது என்றாலும் செல்போனில் நேரலை உண்டே. அம்மா திண்ணையில் போனை டம்ளருக்குள் நிறுத்தி வைத்துச் சத்தத்தைக் கூட்டிப் பக்கத்து வீட்டு அத்தைகளையும் கூட்டி உட்கார வைத்திருப்பார். அஞ்சு மணி அடித்த அடுத்த நிமிஷம் போன் வரும். பாராட்டா? "என்னடா குரல் கம்முது, தண்ணி குடிச்சியா? சாப்பிட்டியா?" அவ்வளவுதான். பின்னாலிருந்து ஓர் அத்தை, "பாக சேசாவுரா!" என்று தெலுங்கில் பாராட்டிக் கத்துவார். போதும், அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

குறையே இல்லையா என்றால், ஸ்டூடியோவில் ஏசி கொஞ்சம் அதிகம், திரும்பி ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும், திங்கட்கிழமை காலையில் லோடு கணக்கு எழுதும்போது கண் சொருகும். சொருகட்டுமே! மாங்காய் எங்கே ஓடிவிடப் போகிறது?

இப்போது உங்களிடம் வருகிறேன், நழுவாதீர்கள். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். என்று தொடங்கியது. 2008-இல் இன்றைய தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ' என்று ஒன்றைத் தொடங்கி நடத்திக் காட்டினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 500-க்கு மேல் சமுதாய வானொலிகள் இருக்கின்றன. விதி என்ன சொல்கிறது தெரியுமா? நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும். அதாவது, அவர்களுக்கு உங்கள் குரல் வேண்டும்! பாடத் தெரியணும் என்பதில்லை, பெரிய படிப்பு வேண்டாம், ஊருக்கே தெரிந்த பெயராக இருக்கவும் வேண்டாம். ஒரு பாட்டை அடுத்தவர் காதில் போட்டே தீருவேன் என்கிற வெறி இருந்தால் போதும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள், நேரில் போய், "எனக்கு ஒரு மணி நேரம் தருவீங்களா?" என்று கேளுங்கள். தந்துவிட்டார்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள், கட்டாயம் கேட்பேன். ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த நேரம் எனக்கு வேலை இருக்கிறது!