சும்மா இருக்கும் தண்டனை

ஜெயில் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அரைக்கை சட்டை, நெஞ்சில் நம்பர், கையில் சம்மட்டி, எதிரே ஒரு பாறை. வில்லன் செய்த குற்றத்துக்கு நம் ஹீரோ கல் உடைத்துக்கொண்டிருப்பார். உபயம்: தமிழ் சினிமா.

நிஜ ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எதையும் உடைப்பதில்லை. சொந்தத் துணியைப் போட்டுக்கொண்டு, காலையில் கதவு திறப்பதற்கும் சாயங்காலம் பூட்டுவதற்கும் நடுவே சும்மா இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் இன்னும் குற்றவாளிகளே இல்லை; விசாரணைக் கைதிகள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் வருடக் கணக்கைப் பாருங்கள். இந்தியச் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்து இருக்கும் இடம் 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்கள் 5,73,220. அதாவது நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். 'அய்யோ, இடம் போதவில்லை, புது ஜெயில் கட்டுங்கள்' என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். அதே கணக்கில் தண்டனைக் கைதிகள் 1,33,415 பேர்தான். அவர்களை மட்டும் வைத்திருந்தால் நூற்றுக்கு 69 இடம் காலி. விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். மொத்த இடத்தையும் கிட்டத்தட்ட இவர்களே நிரப்பிவிடுகிறார்கள்.

நெரிசல் பாதிக் கதைதான். மீதிக் கதை, உள்ளே இருக்கும் நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது.

கடுங்காவல் தண்டனை பெற்றவருக்கு வேலை உண்டு. உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒழுங்காக வேலை செய்தால் தண்டனை நாட்களும் கொஞ்சம் குறையும். புழலிலும் கோவையிலும் நன்னடத்தைக் கைதிகள் பெட்ரோல் பங்க்கில் நின்று நம் வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். பங்க்கின் பெயர் 'ஃப்ரீடம்'! பத்தாவது, பிளஸ் டூ என்று பரீட்சை எழுதிப் பாஸ் செய்கிறவர்களும் உண்டு. நல்ல விஷயங்கள்தான்.

விசாரணைக் கைதியை வேலை செய் என்று கட்டாயப்படுத்த முடியாது. குற்றம் நிரூபிக்கப்படாதவர் ஆயிற்றே! ஆனால் அந்த மரியாதையே அவருக்கு வினையாகிவிடுகிறது. அவராக விரும்பிக் கேட்டால் கூலியோடு வேலை தரலாம் என்கிறது 2016-ம் வருட மாதிரிச் சிறைக் கையேடு. 'தரலாம்' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். படிப்பும் அப்படித்தான். வருஷம் பூராவும் படித்து எழுதுகிற பரீட்சை, நாளைக்கே ஜாமீன் வருமா, மூன்று வருஷம் ஆகுமா என்று தெரியாதவனுக்கு எப்படிப் பொருந்தும்?

கடைசியில் தண்டனை விதிக்கப்பட்டால், உள்ளே இருந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். குற்றமற்றவர் என்று விடுதலையானால்? அந்த நாட்களுக்குக் கணக்கே கிடையாது. கூலியும் இல்லை, கற்றுக்கொண்ட தொழிலும் இல்லை. வெளியே இருந்த வேலையும் போயிருக்கும்.

'ஜெயில் என்ன சார் காலேஜா?' என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் உள்ளே இருப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பையே தாண்டாதவர்கள். திரும்பி வரப்போவது உங்கள் தெருவுக்கும் என் தெருவுக்கும்தான். சும்மா உட்கார வைத்து அனுப்புவதில் நமக்கு என்ன லாபம்?

செய்ய வேண்டியது இரண்டு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, முதல்முறை சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது ஜெயில் சூப்பிரண்டின் கடமை. அதைத் தவறாமல் செய்யட்டும்.

இரண்டாவது, 'தரலாம்' என்பதை 'தர வேண்டும்' என்று மாற்றுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க, தையல் போட, ஒயரிங் செய்ய என்று ஒரு மாதத்தில் முடிகிற வகுப்புகள் போதும். நடுவில் ஜாமீன் வந்தால் கற்றதுவரை அவனுக்கு மிச்சம். வராவிட்டால், அடுத்த மாதம் அடுத்த வகுப்பு.